ஊசித் தவணைகள்: பிறப்பு முதல் பதினாறு வயது வரை

(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பெற்ற பிரசங்கம்)



தவணை என்னும் சொல் கூட்டுறவுச் சங்கத்தாருக்குப் புதியதன்று. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் வாங்கின பயிர்க்கடன் எந்தத் தேதியில் தீரவேண்டும், நகைக்கடனுக்கு வட்டி எப்பொழுது செலுத்தவேண்டும் என்பவை பெரும்பாலோருக்கு மனப்பாடம். கிராம சுகாதாரச் செவிலியரும் அதே சொல்லையே வழங்குகிறார். குழந்தைக்கு முதல் தவணை ஆயிற்று, இரண்டாம் தவணைக்குப் புதன்கிழமை வரவேண்டும் என்கிறார். ஆனால் இரண்டுக்கும் ஒரு பேதம் உண்டு. கடன் தவணை தவறினால் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. ஊசித் தவணை தவறினால் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

கையில் தூக்கிச் செல்லும் குழந்தையாக இருக்கும் வரையில் பெற்றோர் இத்தவணைகளைத் தவற விடுவது இக்காலத்தில் குறைவே. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. முதல் ஊசி அங்கேயே போடப்படுகிறது. தாய் சேய் அட்டையும் கையில் கொடுக்கப்படுகிறது. குழந்தை நடக்கத் தொடங்கினவுடன் அந்த அட்டை டிரங்குப் பெட்டியின் அடியிற் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது என்னும் நான்கு படிகள் அதன்பின் இருக்கின்றன. இப்பிரசங்கம் பெரும்பாலும் அந்தப் பின்தவணைகளைக் குறித்ததாகும்.

ஊசியின் பயனை அறியப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஐம்பது வயதை நன்கு கடந்தவர்களின் புஜத்தைப் பார்த்தாற் போதும். அம்மை குத்தின வட்டத் தழும்பு அங்கே காணப்படும். வைசூரி என்னும் பெரியம்மை ஒரு காலத்தில் உயிரைக் கொண்டுபோயிற்று. உயிரை விட்டால் கண்ணைக் கொண்டுபோயிற்று. 1796-ம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர், பசுவுக்கு வரும் அம்மையின் பாலைக் குத்திக்கொண்டவரைப் பெரியம்மை அணுகுவதில்லை என்று சோதித்துக் காட்டினார். 1802-ல் அம்மைப்பால் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கும் வந்து சேர்ந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத அக்காலத்தில் ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் குத்தியே அது ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டது. 1899-ல் கிண்டியில் ஏற்பட்டுப் பின்னர்க் கிங் நிலையம் எனப் பெயர் பெற்ற ஸ்தாபனம், கன்றுகளின்மேல் அம்மைப்பாலை வளர்த்து ராஜதானியின் ஜில்லாக்களுக்கு அனுப்பிற்று. அப்பொழுது திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பெரம்பலூர், உடையார்பாளையம் தாலூகாக்களுக்கும் அம்மை குத்துவோர் வந்தனர். அவர்கள் வருவதைக் கேட்டுக் குழந்தையை ஒளித்து வைத்த கதைகளை முதியோர் இன்றும் சொல்லக்கூடும். எனினும் வேலை நிற்கவில்லை. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975-ம் ஆண்டு மே மாதத்தில். 1980-ல் அந்நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

இளம்பிள்ளை வாதமும் அவ்வழியே சென்றது. 1995 முதல் நாடெங்கும் குறித்த ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முகாம்கள் நடந்தன. 2011 ஜனவரி 13-ந் தேதி மேற்கு வங்காளத்தில் காணப்பட்ட நோயாளியே இந்தியாவில் கடைசி. 2014 மார்ச் 27-ந் தேதி இந்தியா அந்நோய் நீங்கிய நாடு என்ற அத்தாட்சியைப் பெற்றது. காலைச் சாய்த்து நடக்கும் நடுவயதினர் சில கிராமங்களில் இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடையே அந்நடையைக் காண்பதற்கில்லை.

மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதையும் வாசலில் வேப்பிலை கட்டுவதையும் எவரும் விடவேண்டுவதில்லை. வீட்டில் குழந்தைக்கு மணல்வாரி என்னும் தட்டம்மை கண்டால், வேப்பிலை கட்டிய அன்றே செவிலியருக்கும் சொல்லியனுப்புவது அவசியம். தட்டம்மை கண்ட குழந்தைக்கு உடனே வைட்டமின் ஏ கொடுத்தால் கண்ணும் உயிரும் காக்கப்படுகின்றன.

இனி, முதல் வருஷத்துத் தவணைகளைச் சுருக்கமாகக் காண்போர்க்கு: பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மஞ்சட்காமாலை பி வகைக்கு ஓர் ஊசி, அத்துடன் க்ஷயரோகத்துக்கு இடது புஜத்தில் பி.சி.ஜி. ஊசி, வாயில் இளம்பிள்ளை வாதச் சொட்டு. காமாலை ஊசியை அத்தனை விரைவில் போடுவதற்குக் காரணம் உண்டு. தாயின் இரத்தத்தில் அக்கிருமி இருப்பின் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றிவிடக்கூடும். பிற்காலத்தில் ஈரலைக் கெடுப்பது பெரும்பாலும் அவ்வாறு குழந்தைப் பருவத்தில் தொற்றியதே. பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களுக்குப்பின் சிறு கொப்புளம் தோன்றி உடைந்து ஆறித் தழும்பாகும். அதன்மேல் மஞ்சளோ சுண்ணாம்போ எண்ணெயோ தடவுதல் கூடாது.

பின்னர் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்கள். இம்மூன்று வேளைகளிலும் ஐந்து நோய்களுக்கான மருந்தை ஒன்றாய்ச் சேர்த்த பெண்டாவேலண்ட் ஊசி போடப்படுகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, காமாலை பி, மூளையுறைச் சுரத்தையும் கபவாத சுரத்தையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவையே அவ்வைந்து. 2011 டிசம்பரில் இந்த ஊசியை இந்தியாவில் முதன்முதல் பொதுத் திட்டத்திற் சேர்த்தவை தமிழ்நாடும் கேரளமுமே. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் இளம்பிள்ளை வாதச் சொட்டும் அம்மூன்று வேளைகளிலும் வாயில் கொடுக்கப்படுகின்றன. நிமோனியாவுக்கான ஊசியும் இளம்பிள்ளை வாத ஊசியும் ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் போடப்பட்டு, ஒன்பதாவது மாதத்தில் மறுமுறை போடப்படுகின்றன.

பெண்டாவேலண்ட் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் சுரமும் தொடையில் வீக்கமும் காணலாம். செவிலியர் அதற்கு மருந்தின் அளவையும் சொல்லியே அனுப்புகிறார். அச்சுரத்தைக் கண்டு அடுத்த தவணைக்குப் போகாதிருப்பது, பாறை கண்டவுடன் பாதிக் கிணற்றைக் கைவிடுவதை ஒக்கும். மிகுந்த சுரம், வலிப்பு, மணிக்கணக்கில் ஓயாத அழுகை ஆகியவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அடுத்த ஊசிக்கு முன் அதனை டாக்டரிடம் தெரிவிக்கவேண்டும்.

ஒன்பதாம் மாதம் முடிந்தபின் போடப்படுவது தட்டம்மை–ரூபெல்லா ஊசி. மற்ற ஊசிகளைப் போல இதனையும் ஆறாவது வாரத்திலேயே போட்டுவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. தாயினிடமிருந்து குழந்தைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்கள் உடலில் நிற்கிறது. அது நிற்கும்போது போட்டால் ஊசி மருந்து நன்றாக வேலை செய்வதில்லை. ஒன்பதாம் மாதத்தில் போட்டாலும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய எண்பத்தைந்துக்கே அது பிடிக்கிறது. எஞ்சியவர்களைக் காப்பதற்காகவே பதினாறாவது மாதத்திலிருந்து இருபத்துநான்காவது மாதத்துக்குள் இரண்டாம் ஊசி போடப்படுகிறது. இதனை உபரி என்று எண்ணி விட்டுவிடும் பெற்றோர், தம் குழந்தை அந்தப் பதினைந்தில் ஒன்றா என்பதை அறிய வழியில்லை.

தட்டம்மையைப் போல் வேகமாய்ப் பரவும் நோய் மிகச் சிலவே. காப்பில்லாத கூட்டத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டால் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குத் தொற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கேனும் இரு தவணைகளும் நிறைந்தாலன்றி அது ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022-ன் கடைசி மாதங்களில் மும்பை மாநகரில் அது பரவிக் குழந்தைகள் பலர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். இதனுடன் சேர்ந்த ரூபெல்லாவோ குழந்தைக்கு அற்பமான நோய். கர்ப்பிணிக்குத் தொற்றினால்மட்டும் பிறக்கும் சிசுவுக்குக் கண்புரையும் செவிடும் இருதயக் கோளாறும் உண்டாகலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களுக்கெல்லாம் பள்ளிகளில் இவ்வூசி போடப்பட்டதை அங்கத்தினர் பலர் நினைவு கூரலாம்.

ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் இவ்விரு ஜில்லாக்களில் இன்னோர் ஊசியும் உண்டு. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. நாடு முழுவதிலும் இது போடப்படுவதில்லை. அந்நோய் தோன்றும் ஜில்லாக்களில் மட்டுமே போடப்படுகிறது. பெரம்பலூரும் அரியலூரும் அவற்றைச் சேர்ந்தவை. இந்தியாவில் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது 1955-ல், வேலூர்ப் பக்கத்தில். நெல்வயல்களில் தேங்கும் நீரில் பிறக்கும் ஒருவகைக் கொசு, கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் இக்கிருமியை எடுத்து மனிதருக்கு ஏற்றுகிறது. கொள்ளிடக்கரை வயல்களும் ஏரிப்பாசன நிலங்களும் உள்ள சீமையில் வயலையும் கொக்கையும் விலக்க முடியாது. வேற்று ஜில்லாவில் தாய்வீட்டில் பிறந்து இங்கு வந்த குழந்தைக்கு இந்த ஊசி விட்டுப்போயிருக்கலாம். அட்டையைப் பார்த்துக் கேட்டுப் போட்டுக்கொள்ளவேண்டும்.

ஒன்றரை வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றுக்கும் சேர்ந்த முதல் பலப்படுத்தும் ஊசி; ஐந்து வயது நிறைந்ததும் அதுவே மறுபடி; பத்து வயதிலும் பதினாறு வயதிலும் தொண்டை அடைப்பானுக்கும் இரணஜன்னிக்கும் சேர்ந்த டி.டி. ஊசி. வயது வந்த பிள்ளைகளுக்கு முன்பு இரணஜன்னிக்கு மட்டுமே ஊசி இருந்தது. 2019 முதல் அதில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்க்கப்பட்டது.

ஒரே நோய்க்கு எத்தனை ஊசி என்று சலித்துக்கொள்வது இயல்பே. தட்டம்மை ஊசி இருமுறை பிடித்தால் ஆயுள்பரியந்தம் நிற்கும் தன்மையது. தொண்டை அடைப்பானுக்கும் இரணஜன்னிக்கும் போடும் மருந்து அத்தகையதன்று. அது கிருமியின் விஷத்தை எதிர்க்கும் சக்தியையே உண்டாக்குகிறது, அச்சக்தியும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துபோகிறது. ஏரிக்கரையை ஒருமுறை உயர்த்திவிட்டு அப்படியே விட்டுவிடுவாரில்லை; மழைதோறும் கரைந்ததைக் கண்டு மண் போடுகின்றனர். ஐந்து, பத்து, பதினாறு என்னும் ஆண்டுகள் அவ்விதம் மண் போடும் ஆண்டுகள்.

இரணஜன்னியைப் பற்றி விவசாயி விசேஷமாய் அறியவேண்டியது ஒன்றுண்டு. மற்ற நோய்களிற் பெரும்பாலானவை மனிதரிடமிருந்து மனிதருக்கு வருபவை. ஊரில் யாவரும் ஊசி போட்டுக்கொண்டால் போடாத ஒருவனும் அவர்கள் நிழலில் ஓரளவு தப்பலாம். இரணஜன்னிக்கு அந்த நிழல் கிடையாது. அதன் வித்து மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பெரியம்மையைப் போல இதனை ஒருநாள் பூண்டோடு ஒழித்துவிட முடியாது. முந்திரித்தோப்பில் காலில் ஏறின முள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பட்ட வெட்டு, மாட்டுக்கொட்டகையில் மிதித்த ஆணி ஆகிய எதன் வழியாகவும் அது உடலுட் புகும். அண்டைவீட்டார் ஊசி போட்டுக்கொண்டதனால் இவ்வீட்டாருக்குக் காப்பு வராது. பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகள் வயல்வேலையிலும் பட்டறையிலும் பெற்றோருக்கு உதவத் தொடங்குகின்றனர். கடைசித் தவணை விட்டுப்போவதும் அவ்வயதிலேதான். பள்ளிக்கூடத்தில் போடப்படும் நாளில் வராதவர்களும், படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றவர்களும் அதைப் பெறாமலே போகின்றனர். கர்ப்பிணிகளுக்கு டி.டி. ஊசி போடுவதும் தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்கு ஜன்னி வராமல் தடுப்பதற்கே. ஏழாம் நாள் ஜன்னி என்று முன்னாளில் பெயர் சொல்ல அஞ்சின அந்நோய், பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லாமல் நீங்கியது என்று 2015-ல் இந்தியாவுக்கு அத்தாட்சி கிடைத்தது.

தொண்டை அடைப்பான் பழங்கதை என்று எண்ணுவோர்க்கு 2016-ல் கேரளத்து மலப்புறம் ஜில்லாவில் நடந்தது தக்க விடை. ஆஸ்பத்திரிகளுக்கும் படிப்புக்கும் பெயர்பெற்ற அந்நாட்டில், ஊசி போடாதவர்களும் தவணைகளைக் குறைவாய் நிறுத்தியவர்களும் இருந்த இடத்தில் அது தோன்றிப் பரவிற்று. பதின்வயதுப் பிள்ளைகள் இறந்தனர். தொண்டையில் சாம்பல்நிற ஆடை படர்ந்து மூச்சை அடைக்கும் இந்நோயின் விஷம் இருதயத்தையும் தாக்கும்.

பெண்மக்களுக்குப் பதின்வயதில் இன்னோர் ஊசியும் வந்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்று பெரும்பாலும் எச்.பி.வி. என்னும் கிருமியால் உண்டாவது. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஊசி போட்டால், பல்லாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய அப்புற்றுக்குப் பெரிய தடை ஏற்படுகிறது. 2025–26-ம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசாங்கம் பதினான்கு வயதுப் பெண்களுக்கு இதனைப் படிப்படியாக அளிப்பதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. மணவயதுக்கு முன்னமே இவ்வூசி எதற்கு என்று கேட்கும் தகப்பன்மார்க்கு விடை இதுவே: கிருமி தொற்றுமுன் போட்டால்தான் ஊசிக்குப் பலன் உண்டு.

ஊசியால் ஆபத்தே வருவதில்லை என்று சொல்லி நம்பிக்கை தேடுவது முறையன்று. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. நாடெங்கும் அது பேசப்பட்டது. அதன்பின் கிராமங்களுக்குச் சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும்படி மாற்றப்பட்டது. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கப்படவேண்டியது. கலக்கிய தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருத்தல் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் புது ஊசி வேண்டும். கலக்கிய நேரம் என்ன என்று தாய் கேட்கலாம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்கவும் வேண்டும். செவிலியர் இக்கேள்வியைத் தவறாகக் கொள்ளமாட்டார்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் குழந்தைப் பருவத்தின் அடிப்படைத் தவணைகள் அனைத்தும் நிறைந்த குழந்தைகள் 1998–99-ல் நூற்றுக்கு 88.8. அது 2005–06-ல் 80.9 ஆகி, 2015–16-ல் 69.7 வரை இறங்கிற்று. 2019–21-ல் மீண்டும் 89.2 ஆயிற்று. ஒருமுறை ஏறின படியிலிருந்து இறங்குவதும் உண்டு என்பதற்கு இது சாட்சி. மேலும் இக்கணக்கு கைக்குழந்தைகளின் தவணைகளைப் பற்றியது. ஐந்து, பத்து, பதினாறு வயதுகள் இதில் அடங்கா.

சங்கங்கள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. ரேஷன் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. குடும்பத்தார் மாதந்தோறும் அங்கே வருகின்றனர். குடும்ப அட்டையில் குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் கேட்டு, இவ்வாண்டில் ஐந்தும் பத்தும் பதினாறும் நிறையும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கடையிலேயே வாய்மொழியாக நினைவூட்டலாம். ஊசி போடும் புதன்கிழமைகளைச் சங்கப் பலகையில் எழுதலாம். அதற்குப் பணச்செலவு இல்லை. ஆனால் ஊசி போடாத வீட்டுக்கு அரிசியை நிறுத்துவோம் என்று மிரட்டுதல் கூடாது. அது சட்டமுமன்று, அத்தகைய மிரட்டலால் அக்காலத்து அம்மை குத்துவோர் அடைந்த பயன் குழந்தைகளை ஒளித்து வைத்ததே.

கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர் தாய் சேய் அட்டையைக் கையோடு கொண்டுபோகவேண்டும். எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மீதித் தவணைகள் இலவசமாகப் போடப்படும். யு–வின் என்னும் பதிவு முறையில் பெயர் ஏறியிருந்தால் போட்ட ஊசிகளை அங்கேயும் பார்க்கலாம். அவ்வாறே அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு வேலைக்கு வந்துள்ள வடநாட்டுக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இங்கே போடப்படும். அவர்களுக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

தவணை தவறிவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று வெட்கப்பட்டு வீட்டிலிருந்துவிடும் தாய்மார் சிலர். ஊசித் தவணையில் அபராத வட்டி கிடையாது. முதலிலிருந்து தொடங்கவும் வேண்டுவதில்லை. இரண்டு தவணை போட்டு நின்றுபோயிருந்தால் மூன்றாவதைத் தொடரலாம். பி.சி.ஜி. ஒரு வயது வரையிலும், இளம்பிள்ளை வாதச் சொட்டும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் ஐந்து வயது வரையிலும், கக்குவான் சேர்ந்த முக்கூட்டு ஊசி ஏழு வயது வரையிலும், மூளைக்காய்ச்சல் ஊசி பதினைந்து வயது வரையிலும் பொதுத் திட்டத்திற் போடப்படுகின்றன. ஏழு வயதைக் கடந்தவர்க்கு டி.டி. ஊசி உண்டு. அட்டை தொலைந்திருந்தால் செவிலியரின் பதிவேட்டில் தேடலாம். அதிலும் இல்லையெனில் டாக்டர் வயதைப் பார்த்துத் தவணைகளை மறுபடி குறித்துக் கொடுப்பார். முன்பே போட்ட ஊசியை அறியாமல் மற்றொருமுறை போட்டுவிட்டாலும் குழந்தைக்குக் கேடில்லை.